விபத்து எண்ணிக்கையை விடுங்கள், சிம்பாங்கைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: மலேசியாவின் கீழ்ப்பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பட்டணத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்கிறார். எங்கள் ஊரில் விபத்து வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது, போலீஸ் கணக்கும் அதைத்தான் சொல்கிறது, இளைஞர் மன்றத்தில் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம், பேனர் கட்டி விழிப்புணர்வு நடத்தலாமா, இல்லை வேகத்தைக் குறைக்க மெயின் ரோட்டில் பெரிய மேடு போடச் சொல்லி மனு கொடுக்கலாமா, எது பலன் தரும்?

சுருக்கமான பதில், இரண்டும் வேண்டாம், சிம்பாங்கை, அதாவது தோட்டப் பாதை மெயின் ரோட்டில் சேரும் சந்திப்பைச் சரிசெய்யக் கேளுங்கள். ஏன் என்று சொல்ல கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கிறது. நான் பல வருஷம் சாலைப் பராமரிப்பு வேலையில் இருந்தவன், இந்தப் பக்கத்துத் தோட்டச் சாலைகள் எல்லாம் கால் பட்ட இடங்கள், அதனால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த "கூடிக்கொண்டே போகிறது" என்பதைப் பார்ப்போம். போலீஸ் சொல்லும் விபத்து எண்ணிக்கையில் பெரும்பகுதி யாருக்கும் காயமில்லாத விபத்து. பேரங்காடி வாசலில் பம்பர் உரசினால்கூட இன்சூரன்ஸ் வாங்க போலீஸ் ரிப்போர்ட் வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் கார் கூடக் கூட ரிப்போர்ட்டும் கூடும். நாட்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2016-இல் பதிவான விபத்து சுமார் 5 லட்சத்து 21 ஆயிரம், இறந்தவர்கள் 7,152 பேர். 2023-இல் விபத்து கிட்டத்தட்ட 6 லட்சம், இறந்தவர்கள் 6,443 பேர். விபத்து ஏறியிருக்கிறது, சாவு குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஆக, உங்கள் ஊரில் விபத்து கூடியது என்பதை வைத்துக்கொண்டு ஊர் ஆபத்தாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, பாதுகாப்பாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

எந்த வருஷத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது அடுத்த விஷயம். 2019-இல் நாடு முழுக்க 6,167 பேர் சாலையில் இறந்தார்கள். கோவிட் ஊரடங்கு வந்த 2020-இல் 4,634, 2021-இல் 4,539. அப்புறம் 2022-இல் மறுபடி 6,080. யாராவது 2021-ஐ அடியில் வைத்து வரைபடம் போட்டால் மலை ஏறுகிற மாதிரிதான் தெரியும். அது மலை இல்லை, பள்ளத்திலிருந்து பழைய தரைக்குத் திரும்பியது. இன்னும் பின்னால் போனால் 1996-லேயே 6,304 பேர் இறந்திருக்கிறார்கள், அப்போது 10,000 வாகனத்துக்கு 8.2 சாவு என்ற விகிதம், இன்று அது 2-க்குப் பக்கத்தில். அதிகாரிகள் இந்த விகிதத்தைக் காட்டிப் பெருமைப்படுவார்கள், பொய்யும் இல்லை, வாகனம் அத்தனை பெருகிவிட்டது. ஆனால் வருஷத்துக்கு ஆறாயிரம் சொச்சம் சவப்பெட்டி என்பது ஏறக்குறைய முப்பது வருஷமாக அப்படியேதான் நிற்கிறது.

சின்ன ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு. எண்ணே சின்னது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், உங்கள் வட்டாரத்தில் ஒரு வருஷம் 9 பேர் இறந்து மறு வருஷம் 5 பேர் என்றால், நடுவில் எதுவுமே மாறாமல்கூட அப்படி நடக்கும். 9 என்ற எண் தானாகவே மூன்று நாலு மேலும் கீழும் ஆடும். மோசமான வருஷம் முடிந்ததும் எல்லாரும் பதறிப்போய் ஒரு பலகை நடுவார்கள், அடுத்த வருஷம் எண் தானே இறங்கும், பலகைதான் காப்பாற்றியது என்று மாலை போடுவார்கள். ஐந்து வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல் ஏறுகிறது இறங்குகிறது என்று பேசவே கூடாது என்பது என் கட்சி.

சரி, எதை எண்ணுவது? யார் செத்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். இந்த நாலையும் எண்ணுங்கள்.

நாட்டில் சாலையில் இறப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டப் பட்டணங்களில் அதைவிடக் குறைவாக இருக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. முன்பு ரப்பர் இருந்த காலத்தில் லயத்து வீட்டிலிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்து போனார்கள், பால்மரக் காடு வீட்டுக்குப் பின்னால்தான், கோயிலும் பள்ளிக்கூடமும் தோட்டத்துக்குள்ளேயே. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்த பிறகு, வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம். நடுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் நின்றுபோனது. மிச்சம் இருப்பது கப்சாய் ஒன்றுதான், நாம் மோட்டார் என்று சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள். விடியற்காலை இருட்டில் ஒருவர் செம்பனை மில்லுக்குக் கிளம்புகிறார், இன்னொருவர் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வருகிறார், இருவருமே அந்த மெயின் ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். இது ஒழுக்கப் பிரச்சினை இல்லை. வேறு வழி கொடுக்காமல் ஒரு சமூகத்தையே இரண்டு சக்கரத்தில் ஏற்றி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் ஓடும் சாலையில் இறக்கிவிட்ட பிரச்சினை.

இப்போது இடத்துக்கு வருவோம். கீழ்ப்பேராக் சமதரை, களிமண்ணும் கரிமண்ணும். பிடோரிலிருந்து தெலுக் இந்தான் வரும் 58-ஆம் எண் சாலையானாலும் சரி, கடற்கரை ஓரமாக வரும் 5-ஆம் எண் சாலையானாலும் சரி, பல இடங்களில் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். மண் அமுங்கி அமுங்கிச் சாலை அலை அலையாக இருக்கும், அந்தப் பள்ளத்துக்குள் ஒரு மோட்டார் இருந்தால் தூரத்திலிருந்து விளக்குகூடத் தெரியாது. நேர்ச்சாலை என்றால் வேகம் வரும். வேகம் மட்டும் இருந்தால்கூட ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் சாலையின் இரண்டு பக்கமும் தோட்டத்துச் செம்மண் பாதை வந்து முட்டுகிறதே, அந்தச் சிம்பாங்குதான் ஆளைக் கொல்லும் இடம்.

அங்கே என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 என்றால் வினாடிக்கு 25 மீட்டர். தோட்டத்திலிருந்து ஒருவர் வலது பக்கம் திரும்ப வேண்டும், பின்னால் மனைவி, முன்னால் காய்கறிப் பை. நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கிட்டத் தடத்தைத் தாண்டி எதிர்த் தடத்தில் சேர நாலைந்து வினாடி பிடிக்கும். அந்த நேரத்தில் வலப் பக்கமிருந்து வரும் கார் நூறு, நூற்றிருபத்தைந்து மீட்டர் வந்துவிடும். அந்தத் தூரம் அவருக்கு முதலில் தெரிய வேண்டுமே? சிம்பாங் முனையில் செம்பனையின் முதல் வரிசை மட்டை சாலை வரை சாய்ந்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒட்டுக்கடை, கடைக்குமேல் விளம்பரப் பலகை, தேர்தல் நேரம் என்றால் கொடி வேறு. ஐம்பது மீட்டர்கூடத் தெரியாத சிம்பாங் நம்மூரில் எத்தனையோ இருக்கிறது. அவர் பார்த்தாரா பார்க்கவில்லையா என்பது கேள்வியே இல்லை, பார்க்கவே முடியாது.

காரில் வருபவர் பக்கம் இருந்தும் பாருங்கள். 60-இல் வருகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க இரண்டு வினாடி என்று வைத்துக்கொண்டால் 33 மீட்டர் ஓடும், காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 20 மீட்டர், மொத்தம் ஐம்பத்து மூன்று. 90-இல் வருகிறவர் அந்த இரண்டு வினாடியிலேயே 50 மீட்டர் வந்துவிடுவார். அதாவது முதல் ஆள் முழுசாக நின்ற இடத்தில் இரண்டாம் ஆள் அப்போதுதான் பிரேக்கை அழுத்த ஆரம்பிக்கிறார், மோதினால் ஏறக்குறைய முழு வேகத்தில் மோதுவார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். மழை பெய்து டிராக்டர் சக்கரம் தோட்டத்துச் சேற்றைச் சாலையில் இழைத்து வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம், உதிரிப் பழம் நசுங்கிக் கிடந்தால் சோப்பு போட்ட தரை.

ஸ்வீடனில் நில்சன் என்பவர் காட்டிய ஒரு கணக்கு இருக்கிறது, சராசரி வேகம் மாறினால் மரண விபத்து அதன் நாலாவது படியில் மாறும் என்று. ஓடும் வாகனங்களின் சராசரி வேகம் 5 விழுக்காடு குறைந்தால் மரண விபத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 90-லிருந்து 85-க்கு வந்தாலே போதும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லாரையும் ஆமை மாதிரி ஓட்ட வைக்க வேண்டிய அவசியம் இல்லை, சிம்பாங்குக்கு முன்னால் கொஞ்சம் குறைந்தாலே பெரிய வித்தியாசம்.

இன்னொரு வகை விபத்து உண்டு, இது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். மெயின் ரோட்டில் வந்து தோட்டத்துக்குள் வலது பக்கம் திரும்ப வேண்டியவர். நடுக்கோட்டில் நின்றால் பின்னால் வருகிறவன் தூக்கிவிடுவான் என்ற பயம், நியாயமான பயம். அதனால் இடது ஓரம் ஒதுங்கி, அங்கிருந்து ஒரே மூச்சில் குறுக்கே வெட்டுகிறார். ஓரத்தில் முழுசாக நின்று, இரண்டு பக்கமும் காலியான பிறகு கடந்தால் அது நல்ல வழிதான். நிற்காமல் வெட்டினால் பின்னால் வருகிற காருக்கு அவர் இடது பக்கம் ஒதுங்கிப் போகும் மோட்டார், திடீரென்று முன்னால். அதிலும் பின்னால் இருப்பவர் ஏற்கெனவே ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தால் வலதுத் தடத்தில் 110-இல் வந்துகொண்டிருப்பார். சிம்பாங்குக்கு முன்னால் இரட்டைக் கோடு இருக்க வேண்டியது இதற்காகத்தான், அது அழிந்துபோய் வருஷக்கணக்காகியும் யாரும் திரும்பிப் போடாத இடங்கள் உண்டு.

இனி உங்கள் பேனர். "கவனமாக ஓட்டுங்கள், குடும்பம் காத்திருக்கிறது" என்ற பேனரால் செம்பனை மட்டை ஒரு அடிகூட நகராது. இந்த நாட்டில் நிஜமாகவே பலன் தந்தது என்று ஆராய்ச்சியில் நிரூபணமானவற்றைப் பாருங்கள். கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனித் தடம் போட்டார்கள், உலகத்திலேயே முதலில் போட்டவர்களில் நாம் ஒருவர், அதன் நீட்டிப்புக்குப் பிறகு மோட்டார் விபத்து சுமார் 39 விழுக்காடு குறைந்தது என்று பேராசிரியர் ராடின் உமாரின் ஆய்வு சொன்னது. 1992-இல் பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், கண்ணுக்குத் தெரியாததால் நடக்கும் வகை விபத்து சுமார் 29 விழுக்காடு குறைந்தது, அதையும் அவர்தான் ஆராய்ந்தார். அப்புறம் மோட்டார்களே சாவி போட்டதும் விளக்கு எரிகிற மாதிரி வர ஆரம்பித்துவிட்டன, ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வேலைகூட இல்லை. இரண்டிலுமே ஓட்டுகிறவனின் நல்ல குணத்தை நம்பி எதுவும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெரிய மேடு விஷயம். மத்திய அரசின் கூட்டரசு சாலையில் மேடு கேட்டு மனு கொடுத்தால் ஜேகேஆர், அதாவது பொதுப்பணித் துறை, மறுக்கும், மறுப்பது சரியும்கூட. 90-இல் வரும் சாலையில் மேடு போட்டால் முதலில் விழுவது மோட்டார்தான், அதுவும் இரவில். தாமானுக்குள் வேறு கதை, அங்கே நகராண்மைக் கழகம் முறையாகப் போட்டு, வெள்ளை அடித்து, முன்னறிவிப்புப் பலகை வைத்தால் நல்லது. ஆனால் நம்மவர்கள் செய்வது என்ன? கார் வேகமாகப் போகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு மூட்டை சிமெண்டைக் குழைத்து வீட்டு வாசலில் சுவர் மாதிரி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள், சாயமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அனுமதி இல்லாமல் போடும் அந்த மேட்டில் பக்கத்து வீட்டுப் பையன்தான் விழப் போகிறான். இருந்தால் உடைக்கச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் என்ன கேட்கலாம்? சிம்பாங் முனையில் பார்வைக்குத் தடையாக இருப்பதை அகற்றுவதுதான் என் பட்டியலில் முதலாவது, ஏனென்றால் செலவு இல்லை, ஒரு நாள் வேலை. முன்வரிசை மரம் தோட்ட நிலத்தில் இருந்தால் மேனேஜரிடம் போய் மட்டையை வெட்டச் சொல்ல வேண்டும், மரமே நடுவில் நிற்கிறது என்றால் இரண்டு மூன்று மரத்தைச் சாய்க்கச் சொல்லிக் கேட்கலாம், அவருடைய டிராக்டர் டிரைவரும் அதே சிம்பாங்கில்தான் வெளியே வருகிறார் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒட்டுக்கடையைத் தள்ளி வைக்கச் சொல்வது மேனேஜரைச் சம்மதிக்க வைப்பதைவிடக் கஷ்டம், அது தனிக்கதை. அடுத்து, தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் சேரும் கடைசி முப்பது நாற்பது மீட்டருக்குத் தார் அல்லது கொன்கிரீட். சேறு அங்கேயே உதிர்ந்துவிடும், மோட்டாரும் சரளையில் வழுக்காமல் கிளம்பும். இதற்கும் தோட்ட நிர்வாகம்தான் மனசு வைக்க வேண்டும்.

ஜேகேஆரிடம் கேட்க வேண்டியது இடது ஓரத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் தார் போட்ட ஒதுக்கம், சிம்பாங்குக்கு முன்னும் பின்னும். வலது திரும்ப நிற்கிறவர் ஒதுங்கி நிற்கவும் இடம் கிடைக்கும், நடுவில் நிற்கிற ஒருவரை மற்றவர்கள் இடப்பக்கமாகச் சுற்றிப் போகவும் இடம் கிடைக்கும். வாகனம் நிறையத் திரும்பும் இடம் என்றால் வலது திருப்பத்துக்கென்று நடுவில் தனித் தடமே கேட்கலாம். சிம்பாங்கில் ஒரு தெரு விளக்கு. வேகத்தைக் குறைக்கச் சொல்லி டயரில் தடதடக்கும் குறுக்குக் கோடுகள், அதுதான் மேட்டுக்குப் பதில். அழிந்துபோன இரட்டைக் கோடு. போக்குவரத்து விளக்கு எல்லாரும் ஆசைப்படுவது, வலது திருப்பத்துக்குத் தனிப் பச்சை இருந்தால் நல்லதுதான், ஆனால் காசு அதிகம், வேகமாக வரும் சாலையில் பின்னால் மோதுவது கூடும், வரிசையில் கடைசியாக வையுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி மனு சாகிறது. சாலையோரம் மஞ்சள் அறுகோணப் பலகையில் வெறும் எண் மட்டும் இருந்தால், 5, 58 மாதிரி, அது கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை, பேராக்கில் அது ஏ. இரண்டையும் மாவட்ட ஜேகேஆர் பார்த்தாலும் பணம் வேறு வேறு பையிலிருந்து வருகிறது. தாமான் சாலை நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். தோட்டச் சாலை தனியார். மாநில, ஊராட்சிச் சாலைகளுக்குக் கூட்டரசு கொடுக்கும் மாரிஸ் பராமரிப்புப் பணம் பதிவேட்டில் இருக்கும் சாலைக்குத்தான் வரும், தோட்டத்துப் பாதை அதில் இல்லை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் தனியார் பராமரிக்கும் சாலையை அதன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. தோட்டத்துக்குள் நடக்கிற விபத்தில் இன்சூரன்ஸ் கேஸ் இழுத்தடிக்க இது ஒரு காரணம், அப்படி ஏதாவது நடந்தால் முதல் வாரத்திலேயே வக்கீலைப் பாருங்கள்.

லாரிகளைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக் காவல் பணி முடித்துத் திரும்பிய எஃப்ஆர்யூ காவல் படையினரின் வாகனம் சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில் கல் லாரியோடு மோதி 9 பேர் இறந்தார்கள். நம்ம திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டுப் போனவர்கள். லாரி அளவுக்கு மேல் ஏற்றியிருந்தது என்று விசாரணையில் வந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9-ஆம் தேதி கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர். அதற்குப் பிறகுதான் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்பதை 2025 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாக அமலாக்க ஆரம்பித்தார்கள். நல்லதுதான். ஆனால் குலை லாரி அளவுக்கு மேல் ஏற்றுவது டிரைவரின் பேராசை மட்டும் இல்லை, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிற ஏற்பாடு அது. மில்லின் தராசில் ஒவ்வொரு லாரியின் எடையும் ரசீதில் பதிவாகிறது, எந்த லாரி எத்தனை முறை மீறியது என்று அந்தக் காகிதமே சொல்லும். மில் வாசலில் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் ரோட்டில் தடுப்பு போட்டுப் பிடிக்க வேண்டிய வேலை பாதியாகிவிடும். இது என் சொந்த அபிப்பிராயம், மில்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

ஓட்டுகிறவர்கள் பக்கம் எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் குறிப்பாக இருக்க வேண்டும். ஹெல்மெட் 1973-லிருந்து சட்டம். தரமான ஹெல்மெட் மாட்டினால் சாகும் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடும் தலைக் காயம் 69 விழுக்காடும் குறையும் என்று உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம்மூரில் ஹெல்மெட் தலையில் இருக்கும், தாடை வார் காற்றில் ஆடும், மோதிய அடுத்த கணம் ஹெல்மெட் ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம். கோயிலுக்கும் கடைக்கும் போகும் போது அதுவும் கிடையாது, பின்னால் உட்காரும் பாட்டிக்கும் பிள்ளைக்கும் கிடையவே கிடையாது. சிரிம் தரச் சான்று முத்திரை இல்லாத பத்து இருபது வெள்ளி (ரிங்கிட்) ஹெல்மெட்டை வாங்காதீர்கள்.

ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு ஓட்டுவது நம் நாட்டு வழக்கம், நெஞ்சுக்குக் காற்றுப் படாது, சரி. ஆனால் ஜாக்கெட்டின் முதுகில் இருக்கும் பளபளப்புப் பட்டை முன்பக்கம் போய்விடுகிறது, பின்னால் வருகிறவனுக்குக் கறுப்புச் சட்டைதான் தெரியும். ஹெல்மெட்டின் பின்பக்கத்திலும் மட்கார்டிலும் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டுவது சில வெள்ளி வேலை. அதைவிட அவசரம் தோட்டத்து வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும் சம்பள நாள் ராத்திரியில் விளக்கே இல்லாத சைக்கிளில் மெயின் ரோட்டின் ஓரமாகப் பட்டணத்துக்கு வந்து போகிறார்கள். அவர்கள் செத்தால் ஊரில் அழ ஆள் இல்லை, அதனால் நம் கணக்கிலும் வருவதில்லை. உங்கள் பேனர் பணத்தை இந்த டேப்புக்கும் சைக்கிள் விளக்குக்கும் போட்டால் நான் கைதட்டுவேன். தைப்பூசத்துக்கு ராத்திரி பாதயாத்திரை போகிறவர்களுக்கும் அதே டேப்தான், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் கையில் விளக்கு.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைகளைப் பற்றி ஊரே பேசும், எதுவும் நடக்காது. 16 வயசில்தான் மோட்டார் லைசென்ஸ். எடுக்கிற வயசு வந்தும் காசில்லாமல் எடுக்காமல் இருப்பவர்கள் நிறைய, அவர்களுக்கு அரசாங்கத்தின் மைலெசன் பி2 திட்டம் இருக்கிறது, குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இலவசமாக எடுத்துத் தருவது. மன்றத்தில் பெயர் எடுத்து ஒன்றாக விண்ணப்பியுங்கள். 2025-லிருந்து 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புது மோட்டாருக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் என்று வந்திருக்கிறது, தோட்டத்து ஆட்கள் ஓட்டும் சின்னக் கப்சாய்க்கு அது எட்டவில்லை.

இன்னொன்றை இங்கே சேர்த்தே ஆக வேண்டும், இது விபத்தைத் தடுக்காது ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றும். வீட்டிலிருந்து வேலைக்கு நேர் வழியில் போகும் போதோ திரும்பும் போதோ விபத்து நடந்தால் அது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் வேலை விபத்துத் திட்டத்தில் வரும். நிறையப் பேர் வேலை இடத்தில் அடிபட்டால்தான் பெர்கெசோ என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பமே போடுவதில்லை. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிக் காகிதம், எந்த வழியாகப் போனார் என்ற விவரம், அன்றைய ஷிப்ட் நேரம், இவ்வளவையும் எடுத்து வைக்க வேண்டும். மோதிய வாகனத்துக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால் மோட்டார் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் கூட்டு அமைப்பான எம்ஐபியிடம் உதவி கேட்கலாம்.

இனி நீங்கள் நிஜமாகச் செய்ய வேண்டியது. போலீஸ் போக்குவரத்துப் பிரிவிடம் எழுதிக் கேட்டால் மொத்த எண்ணிக்கை கிடைக்கலாம், இடம் வாரியாகக் கிடைப்பது சந்தேகம்தான். ஆனால் சாவுக் கணக்கு ஊரிலேயே இருக்கிறது. மரண சகாய நிதிக் கணக்குப் புத்தகம், கோயில் கமிட்டி, சுடுகாட்டுப் பதிவு, தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா), மலாய்க் கம்பத்து (கிராமத்து) தலைவர், சீனர் புதுக் கிராமத்துத் தலைவர், எல்லாரிடமும் போய் ஐந்து வருஷத்தில் சாலையில் போனவர்களின் பட்டியலை எழுதுங்கள். உங்கள் எண் போலீஸ் எண்ணைவிடக் கூடுதலாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால்தான் அதிகாரக் கணக்கில் சாலை மரணம், நாற்பதாவது நாள் ஆஸ்பத்திரியில் போனவர் அதில் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் இடம், நேரம், திசை. இடத்தை "மாரியம்மன் கோயில் வளைவு" என்று எழுதாமல் சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் எண்ணோடு எழுதுங்கள், ஜேகேஆருக்கும் போலீஸுக்கும் அந்த எண்தான் புரியும். பெரிய தாளில் புள்ளி வைத்தால் மூன்று, நாலு இடத்தில் குவியும். குவியவில்லை, பரவிக் கிடக்கிறது என்றால் அதுவும் ஒரு பதில்தான், அப்போது ஓரத் தாரும் விளக்கும்தான் கேட்க வேண்டும், ஒரு சிம்பாங்கை அல்ல.

அந்த மூன்று நாலு இடத்தில் ஒன்றை மட்டும் முதலில் எடுங்கள். பீக் நேரத்தில் போய் நின்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை மோட்டார் திரும்புகிறது என்று எண்ணுங்கள், சிம்பாங்கில் மோட்டாரில் உட்கார்ந்த கண் உயரத்திலிருந்து வலதும் இடதும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று நாடா பிடித்து அளந்து படம் எடுங்கள். நூறு மீட்டருக்குக் கீழே தெரிந்தால் அந்த ஒரு படமே மனுவின் பாதி. குழி, விளக்கு, அழிந்த கோடு மாதிரி சின்ன விஷயத்துக்கு பொதுப்பணி அமைச்சின் மைஜாலான் செயலியில் படத்தோடு புகார் போடலாம். ஓரத் தார், தனித் தடம் மாதிரி பணம் வேண்டியதற்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம், மாவட்ட ஜேகேஆர் பொறியாளருக்கு, நகல் மாவட்ட அதிகாரிக்கும் மாவட்டப் போலீஸ் தலைவருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும். மாவட்ட அதிகாரி தலைமையில் நடக்கும் மாவட்ட நடவடிக்கைக் கூட்டத்தில் அதை எழுப்பச் சொல்லிக் கேளுங்கள், கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். மலாய், சீனக் கிராமத் தலைவர்களின் கையெழுத்தும் சேர்ந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும், அந்தச் சிம்பாங்கில் எல்லார் வீட்டுப் பிள்ளையும்தான் திரும்புகிறது. அடுத்த வருஷ ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டும் என்றால் வருஷத்தின் முதல் பாதியிலேயே அனுப்பிவிடுங்கள், கடைசி மாதங்களில் போகும் கடிதம் ஃபைலுக்குள்தான் போகும். மேனேஜரைப் பார்க்கப் போவதற்கு அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், மட்டையை இந்த வாரமே வெட்டச் சொல்லலாம்.